கையோடு கொண்டுபோன பட்டகம்

வாய், பந்தல், கட்டில். இந்த மூன்று சொற்களோடும் ஒட்டிக்கொள்ளும் நான்காவது சொல் ஒன்று இருக்கிறது. மேலே படிக்காமல் சற்று யோசித்துப் பாருங்கள்.

பந்தலையும் கட்டிலையும் பார்த்ததும் மனம் நேராகக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்திருக்கும். மாலை, மேளம், மாப்பிள்ளை என்று அங்கேயே சுற்றி வந்திருக்கும். ‘வாய்’ மட்டும் எதிலும் சேராமல் இடறியிருக்கும். கல்யாண வீட்டை விட்டு வெளியே வந்தவருக்குத்தான் விடை கிடைக்கும். கால். வாய்க்கால், பந்தக்கால், கட்டில்கால். சிலர் ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். சிலருக்கோ எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் பொட்டென்று வந்து விழுந்திருக்கும். பொறி தட்டியது என்கிறோமே, அது இதுதான்.

இந்த மாதிரிப் புதிர்களை 1960களில் வடிவமைத்தவர் சார்னாஃப் மெட்னிக் என்ற அமெரிக்க உளவியலாளர். மனத்தில் தூரம் தூரமாகக் கிடப்பவற்றை எடுத்துவந்து பக்கத்தில் வைக்கும் திறன்தான் படைப்பாற்றல் என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் புதிர் வேறொரு விதத்தில் உதவியது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், பொறி தட்டும் கணத்தை ஆய்வகத்துக்குள்ளேயே வரவழைக்க முடிந்தது.

அப்படி வரவழைத்தவர்கள் மார்க் பீமன், ஜான் கூனியோஸ் ஆகியோரின் குழுவினர். 2004இல் வெளியான அவர்கள் ஆய்வில், தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு ஆட்கள் புதிர்களை விடுவித்தார்கள். விடை தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அது படிப்படியாக வந்ததா, பளிச்சென்று வந்ததா என்றும் சொல்ல வேண்டும். பளிச்சென்று வந்த விடைகளில், பொத்தான் அழுத்தப்படுவதற்குச் சுமார் 0.3 வினாடி முன்பு, வலது காதுக்குச் சற்று மேலே உள்ள மூளைப் பகுதியில் வேகமான மின்னலைகள் திடீரென எழுந்தன. சொற்களுக்கு இடையிலான தூரத்து உறவுகளை இணைப்பதில் பங்குள்ள பகுதி அது. அதற்கும் ஒரு வினாடி முன்பு நடந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. மூளையின் பின்புறம், கண் அனுப்பும் செய்திகளைக் கவனிக்கும் இடத்தில், ஆல்ஃபா அலைகள் பெருகின. ஒரு பகுதி தன் வேலையைத் தணித்துக்கொள்ளும்போது அங்கே எழுபவை இந்த அலைகள். அதாவது கண் திறந்தேதான் இருக்கிறது. மூளை அதன் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறது. கடினமான கேள்வி கேட்டால் பிள்ளைகள் விட்டத்தைப் பார்க்கிறார்கள். ‘அங்கே என்ன எழுதி ஒட்டியிருக்கா?’ என்று அதட்டும் ஆசிரியர்கள் இந்த ஆய்வைப் படிக்கலாம்.

எழுத வேண்டும், வரைய வேண்டும், பிழைப்புக்கு அப்பால் பொருளுள்ள ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும், ஆனால் உத்வேகம் வரமாட்டேன் என்கிறது. இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. அவர்கள் காத்திருப்பது மேலே சொன்ன 0.3 வினாடிக்காகத்தான். அதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி நல்ல சாட்சியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சங்கிலி பெர்லினில் தொடங்கிச் சென்னை வழியாகக் கல்கத்தாவுக்குப் போகிறது.

1891இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் 70ஆவது பிறந்தநாளை பெர்லினில் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். கண், காது, நரம்பு, ஆற்றல் அழியாமை என்று அவர் கை வைக்காத துறை இல்லை. எண்ணங்கள் தனக்கு எப்படி வருகின்றன என்பதை அந்த விருந்தில் அவர் விளக்கினார். முதலில் ஒரு சிக்கலை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எழுதி வைக்காமலே அதன் மூலை முடுக்கெல்லாம் மனத்தில் ஓடும் அளவுக்குப் பழக வேண்டும். பெரும்பாலும் நீண்ட உழைப்பில்லாமல் அது முடியாது. அப்புறம் களைப்பு முழுக்கத் தீர்ந்து உடல் புத்துணர்ச்சி பெறும் நேரம் வேண்டும். காலையில் விழித்தெழும்போது சில எண்ணங்கள் வந்திருக்கின்றன. வெயில் அடிக்கும் நாளில் மரங்கள் அடர்ந்த குன்றுகளில் மெல்ல ஏறும்போது வந்தவை அதிகம். மேசை முன் உட்கார்ந்திருந்தபோது எதுவும் வந்ததில்லை. கொஞ்சம் மது போதும், வருவதும் ஓடிவிடும்.

இதே அனுபவத்தைப் பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி பொன்காரே 1908இல் பாரிஸில் ஒரு சொற்பொழிவில் விவரித்தார். 1880 வாக்கில் அவர் கான் நகரில் ஒரு புதுவகைச் சார்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தினமும் மேசையில் உட்கார்ந்து, கூட்டிப் பெருக்கிப் பார்த்து, ஒன்றும் தேறாமல் எழுந்துகொண்டிருந்த நாட்கள். இடையில் நிலவியல் சுற்றுலா ஒன்று வந்தது. பயண அலைச்சலில் கணக்கு மறந்தே போயிற்று. கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டியில் ஏறப் படியில் காலை வைத்தார். அந்தக் கணத்தில் விடை வந்தது. தான் பயன்படுத்திய உருமாற்றங்களும், யூக்ளிடைத் தாண்டிய வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே. வண்டிக்குள் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து நண்பரோடு பேச்சைத் தொடர்ந்தார், சரிபார்க்கவில்லை. ஆனால் சரிதான் என்ற உறுதி இருந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் எழுதிப் பார்த்தார்.

இவ்விருவர் சொன்னதையும் சேர்த்து இங்கிலாந்தின் கிரஹாம் வாலஸ் 1926இல் நான்கு கட்டங்களாக எழுதினார்: தயாராவது, ஊற விடுவது, ஒளி கிடைப்பது, சரிபார்ப்பது. நூறு ஆண்டுகளாக உளவியல் பாடநூல்கள் இதை விடவில்லை. இரண்டாவது கட்டம் நம் வீடுகளில் தெரியாததல்ல. உறை ஊற்றிய பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தால் தயிர் தோயாது. பாலே ஊற்றாமல் பாத்திரத்தை மூடி வைத்தாலும் தோயாது என்பதைத்தான் உத்வேகத்துக்காகக் காத்திருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மாதிரிக் கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதும் நல்லது. ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியதை எழுதிவைத்த விட்ருவியஸ் அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் பிந்தியவர். பென்சீன் வளையத்தைக் கனவில் கண்டதாக வேதியியலாளர் கெக்குலே சொன்னது 1890இல். ஆய்வு வெளிவந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு விழா மேடையில். ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் அருளினாள் என்பதை நாம் விரும்பிச் சொல்கிறோம். அவரே நம்பியதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, துணி தேடும் நேரத்தை மிச்சப்படுத்த முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியதும் அதே ராமானுஜன்தான். சமன்பாடு மட்டும் நோட்டுக்கு வந்தது. வழி முழுக்க சிலேட்டோடு போயிற்று. முழங்கையில் படிந்த சுண்ணாம்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குத் திரும்புவோம். இசை ஒலிகளைக் காது எப்படி உணர்கிறது என்று அவர் எழுதிய பெரிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் கைக்கு வந்தது. அவன் பெயர் சந்திரசேகர வேங்கட ராமன். திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவன். அப்பா கல்லூரி ஆசிரியர், வயலின் வாசிப்பார். தன்னை உருவாக்கியவை என்று ராமன் பிற்காலத்தில் மூன்று நூல்களைக் குறிப்பிட்டார்: புத்தரின் வாழ்வைச் சொல்லும் எட்வின் ஆர்னால்டின் ‘ஆசிய ஜோதி’, யூக்ளிடின் வடிவியல், ஹெல்ம்ஹோல்ட்ஸின் இந்த நூல். ஒன்று துறவைப் பற்றியது, ஒன்று தர்க்கத்தைப் பற்றியது, ஒன்று வயலின் தந்தியைப் பற்றியது. எந்தப் பாடத்திட்டக் குழுவும் இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்திருக்காது.

18 வயதில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வந்துவிட்டது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாமா என்றால், உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைய இந்தியாவில் அறிவியலைத் தொழிலாக வைத்துப் பிழைக்க வழி இல்லை. நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்குத் தலைமை அதிகாரியாகச் சேர்ந்தார். கணக்கு என்றால் கணிதம் அல்ல; வரவு, செலவு, தணிக்கை.

ஒருநாள் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் ஊரார் நன்கொடையோடு தொடங்கி வைத்த நிறுவனம். அவர் காலத்துக்குப் பிறகு கருவிகள் இருந்தன, பயன்படுத்த ஆள் இல்லை. ராமன் உள்ளே போனார், சாவி கிடைத்தது. அவர் மனைவி லோகசுந்தரி அம்மாள் பின்னால் நினைவுகூர்ந்த தினசரி அட்டவணை இது: காலை ஐந்தரைக்கு ஆய்வகம். பத்து மணிக்குச் சற்று முன் வீடு. குளித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று டாக்சி பிடித்து அலுவலகம். ஐந்து மணிக்கு அங்கிருந்து நேராக ஆய்வகம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. ஞாயிறு முழுதும் ஆய்வகம். ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் ஆன இடைவெளி போக, பத்தாண்டுகள் இப்படியே போயின. அந்த வீட்டில் லோகசுந்தரி அம்மாளின் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்தது என்பது ராமனைப் பற்றிய கட்டுரைகளில் வராத கேள்வி.

அந்த ஆண்டுகளிலும் அடுத்து வந்த சில ஆண்டுகளிலும் அவர் ஆராய்ந்தது எதை என்று பார்த்தால், ஐரோப்பா அப்போது பரபரத்துக்கொண்டிருந்த அணுவின் உட்புறத்தை அல்ல. வயலின், வீணை, மிருதங்கம். காரணம் எளிது. கையில் இருந்த கருவிகளுக்குள் அடங்கும், அதோடு, பிடித்திருந்தது.

மிருதங்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சாதாரண முரசின் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு வேறு பல அதிர்வுகளும் கிளம்பும். அவற்றின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகும். அதனால்தான் முரசில் ஓசை உண்டு, சுருதி இல்லை. தந்தியிலோ அவை 1, 2, 3, 4 என்று முழு எண்களாக வரும்; காது அதை இனிமை என்று ஏற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக வட்டம் ஒன்று இருக்குமே, அதில்தான் வித்தை. இரும்புச் சத்துள்ள கல்லை இடித்த பொடியைச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தடவித் தேய்த்து ஏற்றிய கரணை அது. அந்தக் கூடுதல் எடை தோலின் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து முழு எண் வரிசைக்குக் கொண்டுவருகிறது. 1920இல் சிவகாளி குமார் என்ற உதவியாளரோடு சேர்ந்து ராமன் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிறகு 1934இல், தோலின் மேல் நுண்மணலைத் தூவித் தட்டி, மணல் ஒதுங்கும் கோடுகளைக் கொண்டே ஒவ்வொரு அதிர்வையும் பிரித்துக் காட்டினார். ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்து சுரங்களாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. மிருதங்கம் செய்யும் கைகள் இதை எந்தக் காலத்திலோ காதாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தன. கண்டுபிடித்தவரின் பெயர் எந்த இதழிலும் இல்லை.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் ஏறத்தாழ பாதியாகும். ராமன் அரசு வேலையை விட்டார். 1921 கோடையில், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதன்முறை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தையும் விட்டுவைக்கவில்லை. சுவரோரமாக ஒருவர் மெல்லப் பேசினால் மாடத்தின் எதிர்ப்புறத்தில் கேட்கும் இடம் அது. வேடிக்கை பார்க்கப் போனவர் அதையும் சோதித்து ஒரு குறிப்பு எழுதிவிட்டார்.

செப்டம்பரில் ‘நர்குண்டா’ கப்பலில் ஊர் திரும்பும் வழியில் மத்திய தரைக்கடல். ஆழ்ந்த, ஒளி ததும்பும் நீலம். அந்த நீலத்துக்கு ஏற்கெனவே விளக்கம் இருந்தது. வானம் ஏன் நீலம் என்பதைச் சொல்லிப் புகழ்பெற்ற ராலே பிரபு, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று எழுதியிருந்தார். ராலே சொன்ன பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? கப்பலின் மேல்தளத்தில் எத்தனையோ பேர் அன்று அதே கடலை ரசித்திருப்பார்கள். ராமனிடம் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது. விரலிடுக்கில் பிடிக்கக்கூடிய சிறிய படிகம். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 53 பாகைக் கோணத்தில் ஏறக்குறைய முழுவதும் ஒரே தளத்தில் அதிரும். அந்தக் கோணத்தில் பார்த்துக்கொண்டு பட்டகத்தைத் திருப்பினால் பிரதிபலிப்பு அணைந்துபோகும். ராலே சொன்னது சரியென்றால் நீலமும் கூடவே போக வேண்டும். பட்டகத்தைத் திருப்பினார். பளபளப்பு போயிற்று. நீலம் இன்னும் ஆழமாயிற்று.

அப்படியானால் நீலம் நீருக்குள்ளிருந்து வருகிறது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றபோது ‘நேச்சர்’ இதழுக்கான கடிதம் தயார். (கடல் நீலத்தில் பெரும்பங்கு, நீர் சிவப்பை உறிஞ்சிவிடுவதால் வருகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். ராமனும் முழுமையாகச் சரியல்ல. ஆனால் கேள்வி சரியான கேள்வி.)

கடலைப் பார்த்து ராமனுக்கு உத்வேகம் பிறந்தது என்று பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். கப்பல் பயணத்தில் பட்டகத்தைக் கையோடு கொண்டுபோகிற மனிதர் எப்படி உருவாகிறார் என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடை பௌபஜார் தெருவின் பத்து ஆண்டுகளில் இருக்கிறது, கடலில் இல்லை.

அதற்குப் பிறகு கதை வேகமாக ஓடவில்லை. 1923இல் ராமனின் ஆய்வகத்தில் கே.ஆர். ராமநாதன், எவ்வளவு சுத்தம் செய்தாலும் திரவங்களில் ஒரு மங்கலான வேற்று நிற ஒளி மிச்சமிருப்பதைக் கண்டார். மாசு என்றே எண்ணினார்கள். ஒதுக்கி வைத்தார்கள். ஆனாலும் அந்த மங்கல் ஒளி மறுபடி மறுபடி எட்டிப் பார்த்தது. 1927இன் இறுதியில் வெங்கடேசுவரன் கிளிசரினில் அதைப் பளிச்சென்ற பச்சையாகவே கண்டார். கே.எஸ். கிருஷ்ணன் திரவம் திரவமாகச் சோதித்தார். 1928 பிப்ரவரி 28 அன்று அது புதிய ஒளி என்பது உறுதியாயிற்று: மூலக்கூறில் மோதிய ஒளி தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வெளிவருகிறது. சிதறும் ஒளியில் ஒரு மிகச் சிறிய துளிக்குத்தான் இப்படி நிகழும் என்பதால்தான் அது அத்தனை ஆண்டுகள் மாசு என்ற பெயரில் ஒளிந்திருந்தது. 1930இல் நோபல் பரிசு. பயன்படுத்திய கருவிகளின் விலை சுமார் 200 ரூபாய் என்பார்கள். அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் படிகத்தில் இதையே கண்டார்கள். வெளியிடச் சற்றுத் தாமதித்தார்கள்.

சரி, பத்தாண்டுகள் ஒருவரை விடிகாலையில் ஆய்வகத்துக்கு இழுத்துச் சென்றது எது? இங்கே உளவியல் மறுபடி உதவிக்கு வருகிறது. டாட் த்ராஷ், ஆண்ட்ரூ எலியட் என்ற இருவர் 2003இல் உத்வேகத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்தார்கள். அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்கள். நாம் வரவழைக்க முடியாமல் தானாக எழுவது. அன்றாடக் கவலைகளுக்கு மேலே நம்மைத் தூக்குவது. ஏதாவது செய்யத் தூண்டுவது. அழகான சூரிய உதயத்தைப் பார்த்துச் சிலிர்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டால் மூன்றாவது இல்லை. அது ரசனை, உத்வேகமல்ல. அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொழிலில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற முனைப்பு முன்னால் வந்தது, உத்வேகம் பின்னால் வந்தது. 2010இல் த்ராஷ் குழு எழுதுபவர்களை ஆராய்ந்தபோது, உழைப்பு எழுத்தின் செய்நேர்த்தியைக் கூட்டியது, உத்வேகம் அதன் புதுமையைக் கூட்டியது. உத்வேகம் பெற்றவர்கள் குறைவாகத் தயங்கி நின்று, அதிகமாக எழுதினார்கள். உழைப்பா, உத்வேகமா என்று நாம் பட்டிமன்றம் நடத்தும் விஷயம், ஒரே மேசையில் இரண்டும் வெவ்வேறு வேலை பார்க்கும் விஷயம்.

எதற்காகச் செய்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. உளவியலாளர் தெரசா அமாபிலே 1985இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேரைக் கவிதை எழுத வைத்தார். எழுதும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் எழுத்தின் உள் இன்பங்களைப் பற்றிய காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினர் பணம், வேலைவாய்ப்பு, ஆசிரியரின் பாராட்டு முதலிய காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். இரண்டாம் பிரிவினர் எழுதிய கவிதைகள் சோடை போயின. மதிப்பிட்டவர்கள் கவிஞர்கள், யார் எந்தப் பிரிவு என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐந்தே நிமிடம்தான்! 1973இல் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் நடந்தது இன்னும் சங்கடமானது. வண்ணப் பேனாவால் வரைவதை விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி, அப்படியே தந்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களில் பாதியாகக் குறைந்திருந்தது. கோடை விடுமுறையில் பிள்ளையை எட்டு வகுப்பில் சேர்த்து எல்லாவற்றுக்கும் கேடயம் வாங்கிவைக்கும் பெற்றோர் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

ஊற விடுவதைப் பற்றியும் இப்போது அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸின் குன்று நடை வெறும் ரசனையல்ல. 2014இல் ஸ்டான்ஃபோர்டின் மெரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும், ஒரு பொருளை எத்தனை புது விதங்களில் பயன்படுத்தலாம் என்ற சோதனையை உட்கார்ந்திருப்பவர்களிடமும் நடப்பவர்களிடமும் வைத்தார்கள். நடந்தவர்களிடம் புது எண்ணங்கள் சராசரியாக 60 சதவீதம் கூடின. மரங்கள் கூடத் தேவைப்படவில்லை. வெறுஞ்சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் கூடின. ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் மூன்று சொல் புதிரில் நடை உதவவில்லை. சற்றுக் கெடுக்கவும் செய்தது. எண்ணங்களைப் பெருக்க நடக்கலாம், கூட்டல் கணக்கைச் சரிபார்க்க உட்காருவதே நல்லது.

எடிசன் கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கண்ணயர்வார் என்றும், குண்டு விழும் சத்தத்தில் விழித்து எண்ணத்தைப் பிடித்துக்கொள்வார் என்றும் ஒரு செய்தி உண்டு. பாரிஸில் ஒரு குழு 2021இல் இதைச் சோதித்தது. எண் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் குறுக்குவழி ஒன்று ஒளிந்திருந்தது. நடுவே இருட்டறையில் 20 நிமிட ஓய்வு, கையில் ஒரு குவளை. விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர் பின்னர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். தூக்கத்தின் வாசல்படியில் 15 வினாடியாவது நின்றவர்களில் 83 சதவீதம். அதைத் தாண்டி ஆழ்ந்து போனவர்களில் 14 சதவீதம். மதிய உணவுக்குப் பிறகு கண்ணயரும் நம் வழக்கத்துக்கு இதை ஆதரவாகக் காட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் பெரும்பாலும் 14 சதவீதக் கூட்டம்.

சும்மா இருக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை என்பதும் தெரிந்ததே. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்கிறது. தீவிரமாக ஒரு வேலையில் இறங்கும்போது அந்தச் செலவு மிகச் சிறிதளவே கூடுகிறது. ஓய்வில் தாமாக விழித்துக்கொள்ளும் பகுதிகளை நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்லே 2001இல் அடையாளம் காட்டினார். பழைய நினைவுகளைக் கிளறுவது, நடக்கப் போவதைக் கற்பனை செய்வது, தன்னைப் பற்றி யோசிப்பது எல்லாம் அங்கே நடக்கின்றன. பேருந்து வரும் வரை, பால் பொங்கும் வரை, வரிசை நகரும் வரை என்று நாளில் சிதறிக் கிடந்த அந்த ஓய்வுகளை இன்று கைபேசிக்குக் கொடுத்துவிட்டோம். இது என் புலம்பல், ஆய்வு முடிவல்ல.

வாலஸின் நான்காவது கட்டம் யாருக்கும் பிடிக்காதது. பொறி தட்டும்போது வரும் உறுதி பெரும்பாலும் நியாயமானது. பளிச்சென்று வந்த விடைகள் படிப்படியாக வந்தவற்றைவிட அதிகம் சரியாக இருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த உணர்வையே செயற்கையாக உண்டாக்கவும் முடியும். 2020இல் வந்த ஓர் ஆய்வில், வாக்கியத்தின் ஒரு சொல்லை எழுத்து மாற்றிக் குழப்பிக் கொடுத்து, படிப்பவரே விடுவிக்கும்படி செய்தார்கள். விடுவித்த கணத்தின் மகிழ்ச்சியில், அந்த வாக்கியமே உண்மை என்று தோன்றிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு உதித்த மகத்தான எண்ணத்தைக் காலையில் மறுபடி படித்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வு தேவையில்லை.

ராமனிடம் திரும்புவோம். 1948இல் அவர் பணி ஓய்வு பெற்றார். பெங்களூரில் தன் பெயரிலான நிறுவனத்தில் மலர்களின் நிறம், வைரம், முத்து, பார்வை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆராய்ந்தார். பிற்கால ஆய்வுகள் சிலவற்றைச் சக அறிவியலாளர்கள் ஏற்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. ஆண்டுதோறும் காந்தி பிறந்தநாளில் அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றுவது அவர் வழக்கம். கடைசியாக 1970 அக்டோபர் 2 அன்று பேசினார். நவம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார். அந்தக் கடைசிச் சொற்பொழிவின் பொருள், காதின் உட்பகுதி ஒலியை எப்படி உணர்கிறது என்பது.